நகுதாவின் இடுப்பில் இருந்த சாவி

அன்பு மகள் சோமோவுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் உம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ் அருள வேண்டும். உம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. கிணற்றடிச் சுவரைப் பூசியாகிவிட்டது.

தென்காற்று ஓய்ந்த பிறகு லாலி சிங்கி இறால் பிடிக்கப் பவளப்பாறைக்கு வெளியே முக்குளித்திருக்கிறான். மணல் விலகி ஒரு பழைய பாய்க்கப்பலின் அடிக்கட்டை தெரிந்திருக்கிறது. அங்கே கிடந்த ஒன்றைச் சாக்கில் சுற்றி, வேறு யாரிடமும் காட்டாமல் நேரே என்னிடம் கொண்டுவந்தான். "நகுதா கப்பல்ல கெடந்தது மாமா, உங்ககிட்டதான் குடுக்கணும்னு தோணுச்சு" என்றான். சிப்பி படிந்த இரண்டு இரும்பு வளையம், நடுவே ஒரு கம்பி. கால் விலங்கு. அவன் போன பிறகு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

நம் மூதாதை, அந்தக் கப்பலின் தலைவராக இருந்த நகுதா ஃபமாவின் கதையை நீ சின்னதிலிருந்து கேட்டவள். சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்களைக் கப்பலில் ஏற்றி வந்தார், பாறையில் மோதி உடைந்ததும் பதினொரு பேரை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து கரை சேர்த்தார், பன்னிரண்டாவது ஆளுக்குப் போனவர் திரும்பவில்லை. முப்பத்தொரு வருஷமாக அவர் நினைவாக ஊருக்குச் சோறு போடும் கந்தூரியில் இதை நான்தான் சொல்லி வருகிறேன். ஓடிவந்தவர்களுக்கு எதற்கு விலங்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் லாலியின் உம்மா முவானாவிடம் போனேன். கரையேறிய பதினொரு பேரின் வழியில் இப்போது ஊரில் மிஞ்சியிருப்பது அவள் வீடு ஒன்றுதான். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "பதினொரு பேரும் அவங்களா நீந்தி வந்தாங்க காக்கா. விக்கறதுக்குக் கொண்டுபோன ஆளுங்க. எங்க வம்சத்துக்கு மூத்தவ ஒருத்திதான் நகுதா இடுப்புல இருந்து சாவியைப் பிடுங்கினா. அப்புறம் அவரு என்ன ஆனாருன்னு எங்க வீட்ல சொல்றதில்ல" என்றாள். தெரிந்துமா வருஷா வருஷம் என் கந்தூரிச் சோற்றை வாங்கினாய் என்றேன். "சோறு நல்லாருக்கும்ல" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "யாரு கேட்டா?" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கந்தூரி. ஊரே உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து நின்றேன். விலங்கைப் பாய் மேல் வைத்துவிட்டு, இந்தக் கதை முவானா வீட்டுடையது, அவள் சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள், நாலே வார்த்தையில் முடித்துவிட்டாள். உன் சிறிய வாப்பா கொம்போ பாதியிலேயே எழுந்து, "செத்தவரு உங்கிட்ட வந்து கேட்டாரா? நம்ம வீட்டை நீயே தோண்டிப் போட்டுட்டியே" என்று சொல்லிப் போனவன்தான், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. மற்றவர்கள் பிலாவு சாப்பிட்டார்கள். எனக்கு வெட்கமா, பாரம் இறங்கியதா, எதுவும் தெரியவில்லை. தொழுகிறேன், வலை கட்டுகிறேன், படுத்தால் தூக்கமும் வருகிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன் முவானா லாலிக்கு உன்னைப் பெண் கேட்டு வந்தபோது, எங்கிருந்து வந்தவர்கள் என்றே தெரியாத குடும்பம், நகுதா வீட்டுப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று உன் முன்னாலேயே சொன்னேன். அதன் பிறகு நீ ஊரைவிட்டுப் போனாய். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, தெரியாதது எனக்குத்தான். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாததால் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. பெருநாளுக்கு வருவாயா என்று உம்மா கேட்கச் சொன்னாள். வந்தால் முதலில் முவானா வீட்டுக்குப் போய்விட்டு வா. நான் வீட்டில்தான் இருப்பேன். அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

உன் வாப்பா,
அபூத்
பண்டரினி