உறக்கத்தில் ஓங்கிய கை

செம்மநத்தம்,
4.7.2024

அன்புள்ள செல்விக்கு,

ஏசுராஜ் எழுதறேன். குப்பனூர்ல உன் தம்பி ஊட்டுல எல்லாரும் சுகமா? தாடை வீக்கம் வத்திருச்சா? போன்ல இதையெல்லாம் சொல்ல வரலை. அதான் கடுதாசி.

சேலத்துல டாக்டர்கிட்டப் போனேன். தலையெல்லாம் ஒயர் ஒட்டி, அங்கயே தூங்க வச்சுப் பாத்தாங்க. தூக்கம் ஒரே மாதிரி இல்லையாம் செல்வி. லேசாத் தொடங்கி, ஆழத்துக்குப் போயி, அப்புறம் கனாக் காங்கற கட்டத்துக்கு வருமாம். விடியறப்ப அந்தக் கட்டம் நீளமாம். அந்நேரம் கையும் காலும் தானாக் கட்டுப்பட்டுக் கெடக்கணும். எனக்கு அந்தக் கட்டு அவுந்துபோச்சாம். கனாவுல அடிச்சா நெசமாவே கை அடிக்குது.

அன்னிக்குக் கனாவுல, நீ காப்பிப் பழம் பறிச்சுக்கிட்டு இருக்கற. காட்டெருமை ஒண்ணு உன்னை முட்ட வருது. குறுக்க பாஞ்சு அதும் மூஞ்சில குத்தினேன். முழிச்சுப் பாத்தா உன் வாயெல்லாம் ரத்தம்.

மாத்திரை குடுத்திருக்காங்க. வந்துரு பிள்ள.

உன் ஏசுராஜ்


குப்பனூர்,
16.7.2024

ஏனுங்க,

சுகமா இருக்கறனுங்க. கஞ்சி மட்டுந்தான் குடிக்க முடியுது. "மச்சான் குடிச்சுட்டு அடிச்சிருப்பாரு, நீ மறைக்கற"ன்னான் தம்பி. "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனுசன்டா"ன்னேன். அவன் நம்பலை. நான் நம்பறனுங்க.

ஞாயித்துக்கிழமை பஸ்ஸேறி வர்றேன். நேரத்துக்குச் சாப்புடுங்க.

செல்வி


குப்பனூர்,
12.8.2024

ஏனுங்க,

சொல்லாமத் திரும்பத் தம்பி ஊட்டுக்கே கெளம்பி வந்ததுக்கு மன்னிச்சுக்கங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணலை. மாத்திரை போட்டும் நம்பிக்கையில்லாம, உங்க கையைத் துண்டால கட்டில் காலோட கட்டிக்கிட்டுப் படுத்தீங்க. அதைப் பாத்துட்டு நான் எப்படிங்க தூங்கறது?

காத்தால காப்பித்தூள் டப்பா எடுக்கக் கையைத் தூக்கினீங்க. நான் மூஞ்சியைப் பொத்திக்கிட்டு மூலையில குந்திட்டேன். நீங்க டப்பாவை வச்சுட்டு வெளிய போயி நின்னீங்க. உங்க தோள் குலுங்கறதை ஜன்னல் வழியாப் பாத்தேன்.

என்னைக் காப்பாத்தத்தான் அடிச்சீங்கன்னு புத்திக்குத் தெரியுது. ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது. உங்களைக் கண்டு நான் நடுங்கறதும், அதைப் பாத்து நீங்க நொந்து போறதும் நொம்பக் கொடுமைங்க.

இனி இங்கயே இருந்துக்கறேன். என்னைக் கூப்புடாதீங்க. கூப்புட்டா வந்துருவேன்.

செல்வி


செம்மநத்தம்,
20.8.2024

அன்புள்ள செல்விக்கு,

கூப்புடலை.

மாதா கோயில்ல பூசை முடிஞ்சு சாமியார் உன்னை விசாரிச்சாரு. பல் வைத்தியத்துக்குத் தம்பி ஊட்டுல இருக்குதுன்னு சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லு. தம்பிகிட்டச் சண்டை போடாத, அவன் உம்மேல பாசத்துலதான் பேசறான்.

உன் சேலையெல்லாம் மடிச்சு எஸ்டேட் ஜீப்புல குடுத்து விட்டிருக்கேன். கம்பளிச் சொட்டர் மட்டும் இங்க இருக்கட்டும். மலையாட்டம் கீழ அவ்வளவு குளிராது.

ஏசுராஜ்