இரண்டு குப்பி ரத்தம்

ஒதியம்பட்டு
10.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "டவர் இல்லடி" என்று வைத்துவிடுகிறீர்கள்.

நீங்கள் மலை முகாமுக்கு ஏறும் முன் ஒரு குப்பி, இறங்கியதும் ஒரு குப்பி ரத்தம் எடுத்தார்களே, இரண்டையும் ராணுவத்தில் இன்னும் உறையவைத்திருக்கிறார்களாம். முகாம் குப்பையோடு டயர், பேட்டரி, பெயிண்ட் டப்பா எரித்த குழியில் நின்றவர்களுக்கு ரத்தத்தில் என்ன ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள். சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தது. கேஸுக்கும் ரேஷனுக்கும் போடுவதுபோல உங்கள் கையெழுத்தை நானே போட்டு அனுப்பிவிட்டேன்.

உங்களோடு அந்தக் குழியில் நின்ற நெட்டப்பாக்கம் வீரமணி அண்ணன் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கிறார். "இன்னா வியாதின்னே தெர்லன்றாங்க அருளு" என்று அவர் மனைவி புவனேஸ்வரி அக்கா அழுதார். அந்தப் பயத்தில் போட்டேன். திட்டாதீர்கள்.

உங்கள்
அருள்மொழி

முகாம்
19.08.2025

அருளு,

பாப்பாவுக்கு முத்தம். உனக்கு இல்லை.

கெமிஸ்ட்ரி படித்தவளைக் கட்டாதடா என்று வீரமணி அன்றைக்கே சொன்னான். அடுத்த மாதம் எனக்குப் புரமோஷன் போர்டு. ரத்தத்தில் ஏதாவது இருக்கிறது என்று வந்தால் மெடிக்கல் கேட்டகிரியை இறக்கிவிடுவார்கள். கையெழுத்து என்னுடையது இல்லை என்றால் நீ மாட்டுவாய். பேசாமல் இருந்தால் நான் மாட்டுவேன். இன்னாதான் செய்யச் சொல்ற?

எனக்கு ஒன்றுமில்லை. இருமல்கூட இல்லை. அவனும் தேறிவிடுவான்.

கலைவேந்தன்

ஒதியம்பட்டு
04.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வீரமணி அண்ணன் போன செய்தி யூனிட்டுக்கு வந்திருக்கும். போன வாரம் நெட்டப்பாக்கம் போய்வந்தேன். அவருக்கும் அதே படிவம் வந்திருக்கிறது. டிரங்குப் பெட்டியில், யூனிபார்மின் அடியில், கையெழுத்துப் போடாமல் ஒளித்து வைத்திருந்தார். அவருக்கும் உங்கள் பயம்தான் போலிருக்கிறது. "இத இப்ப நான் போட்லாமா அருளு?" என்று அக்கா கேட்டார்.

படிவத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். இறந்தவருக்காக மனைவி போடலாமாம். உயிரோடு இருப்பவர் தானே போட வேண்டுமாம். அப்போதே நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். கண்டித்தார்கள்; அதை ரத்து செய்து புதுப் படிவம் அனுப்பினார்கள். இனி நீங்களும் மாட்ட மாட்டீர்கள், நானும் மாட்ட மாட்டேன்.

லீவில் வந்தபோது பாப்பா எழுந்துவிடுவாள் என்று கொல்லைப்பக்கம் போய் இருமினீர்களே, எனக்குக் கேட்கவில்லை என்றா நினைத்தீர்கள்?

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்காக நான் போடலாம் என்று சொல்லும் நாள் எனக்கு வரக்கூடாது, மாமா. போடுவீர்களோ மாட்டீர்களோ, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

அருள்மொழி