ராக்கம்மாள் அக்காவின் சர்வே எண்

செவ்வாய், இரவு.

காற்றில் வாழை சாய்ந்தவர்களின் நிவாரணப் பட்டியலை, தாலுகா ஆபீசுக்காக என் கடையில்தான் டைப் செய்து கொடுத்தேன். பதினோரு பக்க அட்டவணை. இன்று மதியம் கோம்பையிலிருந்து ராக்கம்மாள் அக்கா அதன் நகலோடு வந்து நின்றார்.

"ஆபீசுல பட்டியல்லருந்து எம்பேர அடிச்சுட்டாகத்தா. சர்வே நம்பரு இல்லையாம்."

பார்த்ததும் புரிந்தது. அவருடைய வரிசை பக்கத்தின் அடியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பெயரும் ஊரும் நான்காம் தாளில். ஊருக்குக் கீழே வர வேண்டிய சர்வே எண், ஐந்தாம் தாளின் உச்சியில், யாருடையது என்றே தெரியாமல் கிடந்தது. வரிசை பக்கம் தாண்டி உடையாமலிருக்க கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்திலிருந்த டிக்கை எடுத்திருந்தால் போதும். அவசரத்தில் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர் கோளாறுக்கா" என்று சொல்லி, சரிசெய்த தாளைக் கொடுத்தேன்.

"அது என்ன செய்யும், பாவம்" என்றார்.

அதுதான் பொறுக்கவில்லை. வாசல்வரை போனவரைக் கூப்பிட்டேன். "தப்பு என்னுதுக்கா. நாந்தேன் பாக்கல."

திரும்பி வந்தார். "அப்ப நாளைக்கு நீயும் வா. இத அங்கன ஆபீசருகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாக."

சரி என்றேன். கழுத்து வலிக்கிறது. மற்றப் பக்கங்களின் அடியை இப்போதுதான் பார்த்தேன். இன்னும் மூன்று பேர் அப்படியே கிடக்கிறார்கள்.