நானினெல்லாவுக்குப் போட்ட பொய்க்குரல்

நாப்பொலி, டிசம்பர் 10

அன்பு மகள் தெரெசினாவுக்கு,

நீ நம் மேல்மாடி நானினெல்லாவின் குரலைப் பிடுங்கிவிட்டாய். அதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்க மனம் வருகிறது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் வலி போன மாதத்துக்குக் குறைவு, மிலானோவில் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், கழுத்தைச் சுற்றித் துணி கட்டாமல் வெளியே போகாதே.

நீ ஒலி சேர்த்த படத்தைச் சனிக்கிழமை பார்த்தோம், நம் சந்தே கொட்டகையில்தான் இருந்தது. திருட்டு நகையை, பெண்கள் அட்டை வைத்து ஆடும் தோம்போலாவின் எண் கூடைக்குள் ஒளிக்கிற மூன்று அசட்டுத் திருடர்கள், அவர்களை ஏமாற்றுகிற எண் எடுத்துக் கூப்பிடுபவளாக, நம் சந்தில் செய்வது போலவே, நானினெல்லா. கொட்டகைக்குப் பச்சைப் பட்டுச் சட்டை போட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் முகம் வந்ததும் கைதட்டினோம். வாயைத் திறந்தாள், கழுத்தைத் திருகிய கோழி மாதிரி ஒரு ஆம்பிளைக் கீச்சுக்குரல் வந்தது. கொட்டகையே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நானினெல்லா எழுந்து, மூஞ்சி என்னுது, வாய் எவனுதோ என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். பத்திரிகைக்காரர்களோ, பெண் வேடம் கட்டிய நடிகன் இல்லாமல் நிஜத் திருநங்கையையே நடிக்கவைத்த துணிச்சலான படம் என்று எழுதுகிறார்கள். துணிச்சல் உதடு வரைக்கும்தான் போலிருக்கிறது.

போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. வடக்கே நம்ம பேச்சு புரியாதுப்பா, அதோட அவங்க குரல் ரொம்பச் சாதாரணமா இருக்கு, சிரிப்பு வரலேன்னு இயக்குநர் சொல்லிட்டார், ஒலி என் வேலை, நான் மாத்தினேன் என்றாய். சாதாரணமாகத்தான் இருக்கும். அறுபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை தக்காளி விலைக்குச் சண்டை போடுகிற குரல் அது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன், ஆனால் இருபத்தெட்டு வருடம் அந்தக் கொட்டகையில் படம் ஓட்டியவன். நம் நாட்டில் யார் வாய்க்கும் வேறொருவன் பேசுவான் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்கா நடிகனுக்குப் பேசட்டும், அவன் நம் மாடியில் குடியிருக்கவில்லை. நீ பிறந்ததும் அதிர்ஷ்டம் வரட்டும் என்று உன்னை முதலில் அவள் கையில்தான் கொடுத்தோம். நீ கேட்ட முதல் தாலாட்டு அந்தக் குரல்.

தோம்போலா ஆடும் இடத்துக்குள் ஆண்கள் போகக்கூடாது. நாற்பது வருடமாக நான் வெளியே நின்று, எண்ணுக்கொரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் அவள் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். முந்தாநாள் மாதா திருநாள், முதல் ஆட்டம். பெண்கள் அட்டைகளோடு காத்திருந்தார்கள், அவள் இறங்கவில்லை. அம்மா மேலே போய்க் கூப்பிட்டதற்கு, நாப்பத்தெட்டு வந்தா பேசுற பிணம்னு கூப்பிடுவேன், நாப்பத்தேழு வெறும் பிணம், இந்த வருஷம் நான் நாப்பத்தேழு, போடி என்றாளாம். சந்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அந்தக் கீச்சுக்குரலில் அவளைக் கூப்பிடுகிறான். அதனால் கடைக்கும் வருவதில்லை. அவள் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்குகிறது, அம்மா ரொட்டி வைக்கிறாள், கூடை ஏறிப்போகிறது, ஒரு வார்த்தை வருவதில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தையே மூன்று முறை கிழித்துப்போட்டு எழுதுகிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும், உன் கைவேலை நன்றாக இருக்கட்டும். ஜனவரி ஆறாம் தேதி படம் தொலைக்காட்சியில் வருகிறது, அதற்குள் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். படப்பிடிப்பில் பதிந்த அவள் குரல் பத்திரமாக இருக்கிறது என்று நீயே சொன்னாய், அதைத் திரும்பப் போட வேண்டியது நீ. வடக்கத்தியாருக்குப் புரியாவிட்டால் படத்துக்குக் கீழே எழுத்துப் போட வேண்டியது உன் இயக்குநர். அவர் முடியாது என்றால் உன் பெயரைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டியது நீ. கிறிஸ்துமஸுக்கு வரும்போது நம் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் மேல்மாடிக்கு அவளிடம் போக வேண்டியதும் நீ. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது அம்மா, கேட்டுவிட்டாள். நானும் சிரித்தேன். நான் இன்னும் படியேறவில்லை.

உன் அப்பா,
பாஸ்குவாலே