தம்பி காலியாக விட்ட வட்டம்

பட்டு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், அவ்வளவுதான். தம்பி போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், தப்பு இருந்தால் சிரிக்காதே.

நேற்று தாடி வந்தான், தம்பியோடு சேர்ந்து பத்திரிகை நடத்தினானே அவன்தான். எந்த ரேடியோவும் போடாத பாட்டுக்காரர்களையும் எந்தப் பெரிய பத்திரிகையும் வாங்காத படக்கதைகளையும் போட்டு மூன்று இதழ் கொண்டுவந்தார்களே, நாலாவதோடு நிறுத்தப் போகிறார்களாம். அதில் தம்பி கடைசியாக வரைந்த பக்கம் வர வேண்டுமாம். அதை என் மடியில் வைத்தான். நான்தான்டி அது. கழுத்தில் இஞ்சு டேப், உடைந்த கண்ணாடிக் காலில் நான் சுற்றிய நூல், எதையும் விடவில்லை பாவி. வாசல்படியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், கீழே அவன் டிரம்மைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். என் வாய்க்கு மேலே பேச்சு எழுதுகிற வட்டம் மட்டும் காலி.

உனக்குத்தான் தெரியுமே, அவன் படத்தைப் போட்டுவிட்டுப் பேச்சைக் கடைசியில்தான் எழுதுவான், அதுவும் அவரவர் சொன்னதை அப்படியே. "அன்னிக்கு டிரம்காரன என்னம்மா திட்டுனே, ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு" என்று பென்சிலோடு வந்து நிற்பான். "பாத்திரக்கடைய உருட்டி விட்டுட்டுப் பாட்டுங்கிறான்னு சொன்னேன்டா" என்றேன், இரண்டாம் இதழில் அப்படியே போட்டான். இப்போது தாடி, "நாங்களா ஒண்ணும் எழுத மாட்டோம்மா, அது அவன் வச்ச சட்டம். நீங்க சொன்னதைச் சொல்லுங்க, இல்லேன்னா பக்கத்தையே எடுத்துடுறோம். நாளன்னிக்குக் காலையில அச்சுக்குப் போகணும்" என்கிறான்.

நான் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். அவன் அடித்த டிரம் சத்தம் தாங்காமல் வீட்டு ஓனர் வந்து காலி பண்ணச் சொல்லிக் கத்திவிட்டுப் போனார், அந்தக் கோபத்தில் "இனிமே இந்தப் படி மிதிக்காதே" என்றேன். டிரம்மைத் தூக்கிக்கொண்டு தாடியின் அறைக்குப் போய்விட்டான். நாலாம் நாள் அந்த லாரி அவன்மேல் ஏறிவிட்டது. அப்பா அப்போது வெளியூர் டியூட்டியில் இருந்தார். வந்து கேட்டபோது, பத்திரிகை வேலையாகச் சிரித்துக்கொண்டே போனான் என்று சொல்லிவிட்டேன். அவரும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "சிரிச்சிக்கிட்டேதான் போனான் என் புள்ள" என்று சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார். நான் வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும். திறக்காவிட்டால் அவன் கடைசியாக வரைந்தது போய்விடும். இதே நினைப்பில் காலையில் கம்பெனியில் மூன்று சட்டைக்குக் காலரைத் திருப்பித் தைத்துவிட்டேன், சூப்பர்வைசர் "வீட்டுக்குப் போங்கக்கா, உங்க புண்ணியத்துல மிச்ச சட்டையாவது தப்பிக்கட்டும்" என்று அனுப்பிவிட்டாள்.

அப்பா ஆறு மணிக்கு வருவார். டீயைக் கொடுத்துவிட்டு அவரிடம் சொல்லிவிடப் போகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவர் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும், நீ அவரிடம் பேசுவதை விட்டுவிடாதே, அதை மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா

உறையை ஒட்டும்முன், தாடி விட்டுப்போன பக்கத்தில் டேப்பை வைத்து அந்த வட்டத்தை அளந்தேன். நாலு இஞ்சு அகலம், மூன்று இஞ்சு உயரம். நான் சொன்ன நாலு வார்த்தையை அவன் எழுதுகிற அளவில் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைத்துப் பார்த்தேன், ஒரு ஓரம்கூட நிறையவில்லை. பேச்சுக்குத் தகுந்த அளவில்தான் வட்டம் போடுகிறவன் அவன். மிச்ச இடத்தில் நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தான், பட்டு?