நெருங்கினால் விலகும் உருவங்கள்

தூர தேசத்தில் நலமாக இருக்கிறாய் என்று நான் பிடிவாதமாக நம்பும் என் மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருத்துவமனையில் மேலும் சில ஆண்டுகள் வேலையில் இருக்கச் சொல்கிறார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இங்கே எல்லாம் பழையபடிதான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. கல்லூரியில் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் அந்த அரைவேக்காடு இன்னும் உட்கார்ந்திருக்கிறான். நான் வேலையை உதறியதில் அவனுக்குத்தான் கொண்டாட்டம். உன் தம்பி போன் செய்தான். "என்ன அத்தான், இந்த வயசுல வீடியோ கேம் பண்றீங்களாமே! எனக்கும் ஒரு வேஷம் குடுங்க" என்று சிரித்தான். கொடுத்திருக்கிறேன்.

ஆமாம், கேம் செய்கிறேன். இணையத்தில் பாடம் நடத்தும் பெண்ணுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். "பயப்படாதீங்க, முதல் கேம் எல்லாருக்கும் சொதப்பும்" என்கிறாள். காலமெல்லாம் கணக்குப் பாடம் எடுத்தவனிடம்!

நம் வீட்டைத்தான் வரைந்தேன். பகல் வெளிச்சம் கைக்கு வரவில்லை. அறைகளெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நீலமாகிவிட்டன. பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன். அதில் நான் விசையை அழுத்த அழுத்த ஒரு மனிதன் நடக்கிறான். துறைத்தலைவனும் உன் தம்பியும் அவனைத் துரத்த வேண்டும், அவன் உதைத்துத் தள்ள வேண்டும். ஓட்டிப் பார்த்தால், அவன் கிட்டே போகப் போக இருவரும் வழுக்கிக்கொண்டு விலகினார்கள். ஒரு மதியம் முழுக்க அவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

பிறகு உன்னை வரைந்தேன். பச்சை உடை, ஒற்றைப் பின்னல். சோம்பேறித்தனமாக அவர்களுக்கு எழுதிய நிரலையே உனக்கும் ஒட்டிவிட்டேன். ஜன்னலருகே நின்றிருந்தாய். அவன் வந்தான், நீ அடுத்த அறைக்குப் போனாய். அங்கும் வந்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டாய். அதற்குமேல் என்னால் விசையை அழுத்த முடியவில்லை.

பிழை இதுதான்: திசை பார்க்கும் வரியில் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதை மாற்றிப் போட்டிருக்கிறேன். கணக்கு வாத்தியார்! உன் தம்பியிடம் மூச்சு விடாதே.

சரிசெய்ததும் அவர்கள் பாய்ந்து வந்தார்கள், ஆசை தீர உதைத்தேன். ஆனால் நீயும் பாய்ந்து வந்தாய். அவனோடு ஒட்டிக்கொண்டு, சுவரோடு சேர்த்து நெரித்து, நகரவே விடவில்லை. அது நீ இல்லை. அந்த வரியையே அழித்துவிட்டு, எந்தப் பக்கம் போவாய் என்று எனக்கே தெரியாதபடி எழுதினேன். இப்போது அந்த நீலத்தில் மீன்போல அறை அறையாகப் போகிறாய். எப்போதாவது அவனருகே வந்து நிற்கிறாய். அப்போதெல்லாம் நான் எதையும் தொடுவதில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். கோபத்தில் எழுதியவற்றைக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உனக்குச் சரியென்று பட்டால் கையெழுத்துப் போடு. குறை சொல்லமாட்டேன். சொல்வேன், ஆனால் சுவரிடம்.

திரும்பி வருவதானால் எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாதே. வரவேற்க வந்து நின்று, ஏன் தாமதம் என்று எரிந்து விழுவேன். என்னை உனக்குத் தெரியும். கதவைத் தாழிடுவதில்லை. நேரே உள்ளே வா. எந்த அறை வேண்டுமோ அங்கே இரு. நான் இருந்த இடத்திலேயே இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ வைத்த பெயரோடு இன்னும் இருக்கும்,
உன் முசுடு