தெற்கு சூடானில் எண் எழுதப்பட்ட என் கிரைண்டர்

அனுப்புநர்:
பா. மரகதம்,
(ஓய்வு பெற்ற ஹவில்தார் பாஸ்கரனின் மனைவி),
கிளென் ஈடன், ஆக்லாந்து, நியூசிலாந்து.

பெறுநர்:
முன்னாள் படைவீரர் நல அலுவலர்,
வேலூர் மாவட்டம்.

பொருள்: அமைதிப்படையின் உபகரணப் பட்டியலில் சேர்ந்துவிட்ட என் சொந்த கிரைண்டர் – என் கணவர் மீது குற்றமில்லை என்று கடிதம் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ராணுவத்தில் இருபத்துநான்கு ஆண்டுகள் சமையல் பணி செய்தவர். 2014-இல் ஐ.நா. அமைதிப்படைக்காகத் தெற்கு சூடான் சென்றபோது, நான் மாவு அரைத்து விற்றுவந்த ஐந்து லிட்டர் கிரைண்டரையும் படையணியின் கண்டெய்னரில் ஏற்றிவிட்டார். படையணியில் இருக்கும் நம் பையன்கள் ஒரு வருடம் இட்லி இல்லாமல் எப்படி இருப்பார்கள் என்பதே அவர் கவலை. பெற்ற பிள்ளை அரவிந்துக்காகக்கூட அவர் இவ்வளவு கவலைப்பட்டதில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

2. வீரர்களை அனுப்பும் நாட்டுக்கு ஐ.நா. மாதந்தோறும் தலைக்கு இவ்வளவு என்று திருப்பித் தருவது தாங்கள் அறிந்ததே. கொண்டுபோகும் வண்டிகளுக்கும், சமையல், சலவை போன்ற ஏற்பாடுகளுக்கும் தனித்தொகை உண்டு. ஆய்வாளர்கள் நேரில் பார்த்து, இருக்கிறது, ஓடுகிறது என்று எழுதினால்தான் அது வரும்.

3. ஆய்வு நாளன்று படையணியின் அரவை இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. ஆய்வுக்கு வந்த அம்மையார் என் கிரைண்டரைக் காட்டி, இது படையணியுடையதா என்று கேட்டிருக்கிறார். தன் சமையலறையால் நாட்டுக்கு வரவேண்டிய தொகை குறையக்கூடாது என்று என் கணவரும் ஆமாம் என்றுவிட்டார். உடனே அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் உள்ளதை வீட்டுக்கு எடுத்துவர வழியில்லை. அடுத்து வந்த அணியிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடை மாவு வாங்கி அவரே தோசை சுட்டுக் கொடுத்தார், பேசிவிட்டேன்.

4. ஆனால் அவர் மனம் ஆறவில்லை. பொய் சொல்லி அரசுக்குப் பணம் வாங்கிக் கொடுத்ததாகவே இன்றும் நினைக்கிறார். இப்போது மகனுடன் இங்கே வசிக்கிறோம். ஏப்ரல் 25 அன்று, படைவீரர்களை நினைவுகூரும் அன்சாக் தின அணிவகுப்பில் அமைதிப்படைப் பதக்கத்துடன் நடக்க வருமாறு உள்ளூர் முன்னாள் வீரர்கள் இவரை அழைத்திருக்கிறார்கள். அதைக் குத்திக்கொள்ளத் தனக்கு அருகதை இல்லை என்று பதக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். எண்ணூறு பேருக்கு வயிறு வாடாமல் பார்த்துக்கொண்ட மனிதர், ஐயா. அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை.

5. எனவே இம்மனுவை உரிய பிரிவுக்கு அனுப்பி, அவர் சொன்னதில் பிழையில்லை என்று அணிவகுப்புக்கு முன் ஒரு வரி எழுதி வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கிரைண்டர் என் பெயரில் வாங்கியது, ரசீது இணைத்துள்ளேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை வண்டியில் ஏற்றிய அன்றே, இனி இது உங்கள் பட்டாளத்துக்கே சொந்தம், இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று நான் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்புஜம் சாட்சி. அவர் அதை என் கோபம் என்று எடுத்துக்கொண்டார். தாங்கள் அதைத் தானப் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பா. மரகதம்
(கையொப்பம்)

இடம்: ஆக்லாந்து
நாள்: 10.03.2025